தகடு இருக்கும் வரை

இளையவள் எதையும் சும்மா பெறவில்லை. எல்லாம் மல்லுக்கட்டி வாங்கியதுதான். குறைமாதத்தில் பிறந்ததால் பிழைக்காது என்று நர்ஸ் துணியில் சுற்றி ஓரமாக வைத்த பிள்ளை, அழுத அழுகையில் வார்டையே கூட்டித் தன் உயிரைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆண்கள் மட்டுமே நின்று பழகிய கட்டிங் மெஷினில் இடம் பிடித்தாள். புருஷன் போன பிறகு மாமியார் வீட்டார் பூட்டி வைத்த ஒற்றை அறையை, வாசலிலேயே பாயைப் போட்டு உட்கார்ந்து திரும்ப வாங்கினாள். நோய் என்னவென்று பட்டறைக்குத் தெரிந்த பிறகும் எல்லோரும் குடித்த டம்ளரிலேயே தண்ணீர் குடித்தாள்; தனி டம்ளர் வைத்தவனிடம், "இது யாருக்கு, உங்க மாமனாருக்கா?" என்று கேட்டு, அவன் கையாலேயே எடுத்துப் போக வைத்தாள். ஜன்னல் பக்கத்து இடம், மதியச் சாப்பாட்டுக்கு ஒழுங்கான நேரம், பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, இவையும் அவள் வாங்கியவைதான்.

மூத்தவளுக்குத் தங்கையைப் பற்றி இதையெல்லாம் சொல்லும்போது குரல் தானாக உயரும். அவளும் அதே பட்டறையில்தான் இருந்தாள். அவள் வாங்கியது என்று ஒன்றும் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்கிற ஜாதி அவள். ஆனால் ஒரு தாள் முன்பின்னாக இருந்தால் அவள் விரல் கண்டுபிடித்துவிடும்.

அது புத்தகம் பைண்டிங் செய்கிற பட்டறை. அச்சகம் எதிர்த் தெருவில் இருந்தது. அங்கிருந்து பெரிய பெரிய தாள்கள் கட்டுக்கட்டாகக் கைவண்டியில் வரும். ஒரு தாளில் இரண்டு புறமும் பதினாறு பக்கம் அச்சாகி இருக்கும். அதற்குப் பாரம் என்று பெயர். தாளை மடித்து மடித்துச் சின்னதாக்குவார்கள். மடித்த பாரங்களை வரிசைப்படி ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ப்பது மூத்தவளின் வேலை. பிறகு தையல், பிறகு பசைக்காரர் அட்டை ஒட்டுவார். அப்போது பார்த்தால் புத்தகம் மாதிரிதான் இருக்கும், ஆனால் திறக்க வராது. மடிப்புகள் மேலேயும் பக்கவாட்டிலும் மூடியே இருக்கும். கடைசியில் கட்டிங் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் வெட்டிய பிறகுதான் பக்கங்கள் பிரியும். முதலில் கட்டுமானம், அதற்கப்புறம் வெட்டு. அந்த வெட்டுதான் இளையவளின் வேலை.

மெஷினில் வெட்டிக்கொண்டிருந்த பழைய கட்டர் வேறு ஊருக்குப் போனபோது இளையவள் போய் அந்த இடத்தைக் கேட்டாள்.

"பொம்பளை கைக்குக் கத்தி தோதுப்படாது," என்றார் மேஸ்திரி.

"வீட்ல காய் நறுக்குறது யாரு மேஸ்திரி, நீங்களா?"

பட்டறையே சிரித்தது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "சரி, ஒரு அடுக்கு வெட்டிக் காட்டு. கோணலாச்சுன்னா நாளைக்கு இந்தப் பக்கமே வரக்கூடாது."

அவள் அடுக்கை எடுத்து மேசையில் நிறுத்தித் தட்டினாள். இந்தப் பக்கம் தட்டி, திருப்பி, அந்தப் பக்கம் தட்டி, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மறுபடி தட்டி. மூத்தவள் தன் மேசையில் கை ஓடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தி இறங்கி ஏறியது. மேஸ்திரி இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், அடுக்கை வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். பசைக்காரர்தான் சொன்னார்: "மேஸ்திரி, அளவுகோல கீழ வெச்சுடுங்க. இனிமே இவள நிக்க வெச்சே கோடு போட்டுக்கலாம்." ஒல்லியாக உயரமாக இருப்பாள். அன்றிலிருந்து பட்டறையில் அவள் பெயர் ஸ்கேல்.

அவள் புருஷன் லாரி மெக்கானிக். நல்ல மனுஷன்தான், வீட்டில் இருக்கிற நாட்களில். இருமி இருமி இளைத்து, எய்ட்ஸ் என்று தெரிந்த மாதமே போய்ச் சேர்ந்தான். பிறகு இவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மூத்தவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உள்ளே போனவள் வெளியே வந்து, "எனக்கும் குடுத்துட்டுத்தான்கா போயிருக்காரு. வேற எதையும் குடுக்காதவரு," என்றாள். மூத்தவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தன.

பட்டறையில் செய்தி கசிந்ததும் மேஸ்திரி அவளைக் கத்தியிலிருந்து எடுத்துவிடப் பார்த்தார். பள்ளிப் புத்தகத்தில் ரத்தம் பட்டுவிட்டால் என்ன செய்வது என்றார். அவள் மெஷின் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் இரண்டு பொத்தான்களில் வைத்தாள்.

"ரெண்டு கையும் இங்க இருந்தாத்தான் கத்தி இறங்கும். எடுத்தா நின்னுடும். அப்புறம் என் ரத்தம் எப்படி மேஸ்திரி புஸ்தகத்துல விழும்? மூக்காலயா வெட்டுறேன்?"

அவர் திரும்பிப் போனார். அதையும் அவள் வென்றாள்.

முதலில் கொடுத்த மாத்திரைகள் சில வருஷம் கேட்டன. பிறகு கேட்கவில்லை. காய்ச்சல் வந்தது, எடை இறங்கியது. ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா வேறு மாத்திரை எழுதினார். சின்ன வயசு, பொறுமைசாலி, கேட்டால் பதில் சொல்கிறவர். இளையவள் கேட்டாள்.

"இது என்ன பண்ணும் டாக்டர்?"

"இந்தக் கிருமி இருக்கே, அதுக்குத் தனியா ஒண்ணும் செஞ்சுக்கத் தெரியாது. உங்க உடம்பு அணுக்குள்ள பூந்து, அந்த அணுவையே வேலை வாங்கும். நீளநீளமா ஒரு புரதச் சங்கிலி செய்யச் சொல்லும்."

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய விரட்டின கதை," என்றாள் மூத்தவள்.

"அதேதான். அந்தச் சங்கிலி எல்லாம் அணுவோட தோலுக்கு அடியில போய் ஒண்ணை ஒண்ணு ஒட்டி நிக்கும். நின்னு, அப்படியே தோல வெளிய தள்ளி, குமிழி மாதிரி ஆக்கி, அந்தத் தோலையே போத்திக்கிட்டு வெளிய வந்துடும். ஆனா அப்ப அது பிஞ்சு. யாரையும் ஒண்ணும் பண்ணாது."

"பின்ன?"

"உள்ளயே ஒரு கத்தரி இருக்கு. அதுவும் புரதம்தான். அது அந்த நீளச் சங்கிலிய இடம் பாத்து வெட்டும். வெட்டினா துண்டுகள் எல்லாம் அதது இடத்துல போய் உக்காரும். அப்பத்தான் அது முழுக் கிருமி. இந்த மாத்திரை அந்தக் கத்தரியோட வாயில போய் அடைச்சுக்கும்."

இளையவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். "கட்டினதுக்கு அப்புறம் வெட்டுதா?"

"ஆமா."

"அக்கா, நம்ம பட்டறைதான்!" மூத்தவளின் கையைப் பிடித்து உலுக்கினாள். "மூணு பக்கம் வெட்டாத புஸ்தகம். தெரு பூரா கொட்டிக் கிடந்தாலும் ஒருத்தனும் தொறந்து படிக்க முடியாது. என் வேலைய நிறுத்துறதுக்குத்தான் மாத்திரையா?"

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, இனிமேல் எல்லோருக்கும் இதையே சொல்கிறேன் என்றார். மூத்தவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வழியில் பழக்கடைக்காரியிடம்கூட, "டாக்டரே எங்க தங்கச்சிகிட்ட கத்துக்கிட்டாங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மாத்திரை கேட்டது. முகத்தில் சதை வந்தது. அடுத்த முறை ரத்தம் பார்த்தபோது கிருமி கண்ணிலேயே படவில்லை என்று அறிக்கை வந்தது. டாக்டரம்மா கைகொடுத்தார். மாத்திரையை விடாமல் போடணும் என்றும் சொன்னார். எல்லா முறையும் சொல்வதுதானே என்று அது காதோடு போயிற்று.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புத்தகத்தின் கடைசி அடுக்கு கத்திக்கு அடியில் போய் வந்ததும், கட்டர் உரக்கச் சொல்ல வேண்டும்: "அடுக்கு தீர்ந்தது!" உடனே எல்லோரும் அந்தப் புத்தகத்தை மறந்துவிடுவார்கள். மேசை துடைப்பார்கள், கத்தியைத் துடைப்பார்கள், அடுத்த வேலை ஏறும். அறிக்கை வந்த அன்று பஸ்ஸில் இருந்து இறங்கியதும் இளையவள் இரண்டு கைகளையும் தூக்கி, "அக்கா, அடுக்கு தீர்ந்தது!" என்றாள்.

அந்த மாத்திரை வயிற்றை ஆட்டிவைத்தது. சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் கலக்கும், போடாமல் விட்டால் சரியாகிவிடும். பள்ளிப் புத்தகங்கள் வரும் பருவம் வந்தது. கைவண்டி வாசலைவிட்டு நகராது. மெஷினை விட்டு அவள் கழிப்பறைக்கு ஓடினால் பின்னால் தையல்காரிகள், பசைக்காரர், மூத்தவள் எல்லோரும் கையைக் கட்டி நிற்க வேண்டும். ஓடிப் போய் வந்தால் பசைக்காரர், "ஸ்கேலு, இங்க இருந்து அங்க எத்தனை அடின்னு அளந்துட்டியா?" என்பார். அது மாத்திரையால் வந்த ஓட்டம் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

அதனால் அவள் வேலை நாட்களில் மாத்திரையை விட்டாள். விடுமுறை நாட்களில் போட்டாள். மூத்தவள் கேட்டதற்கு, "வெட்டாத அடுக்கு எல்லாம் கழிவாப் போயாச்சுக்கா. புதுசா வந்தா அறிக்கையில தெரியாமலா இருக்கும்? காலி மேசையில எதுக்குக் கத்தியப் புடிச்சுக்கிட்டு நிக்கணும்?" என்றாள். மூத்தவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவள் வாழ்நாளில் எத்தனையோ புத்தகங்கள் மேசைக்கு வந்து, தீர்ந்து, போயிருக்கின்றன. தீர்ந்த அடுக்கு எழுந்து வந்ததில்லை.

பருவம் முடிவதற்குள் வாயெல்லாம் வெள்ளைப் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எப்பவெல்லாம் விட்டீங்க?"

இளையவள் மறைக்கவில்லை. அடுக்கு, கழிவு, காலி மேசை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் டாக்டரம்மா கேட்டார்.

"புஸ்தகம் தீந்து போச்சு, சரி. மறுபடி வேணும்னா என்ன பண்ணுவாங்க?"

"மறுபடி அடிப்பாங்க."

"எத வெச்சு?"

"அச்சுத் தகடு இருக்கும்ல. எடுத்து மாட்டினா..." இளையவள் நிறுத்தினாள்.

"அந்தத் தகடு உங்க அணுக்குள்ள இருக்கு. கிருமி உள்ள பூந்ததும் தன்னோட எழுத்த உங்க எழுத்தோட சேத்து எழுதி வெச்சுடுது. ரத்தத்துல ஒண்ணுமே இல்லேன்னாலும் அது அங்கயேதான் இருக்கும். அத எடுக்க என்கிட்ட மருந்து இல்ல. யார்கிட்டயும் இல்ல. வெளிய வர்ற புஸ்தகத்தத்தான் வெட்டவிடாம வெச்சிருந்தோம். தினமும்."

இளையவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எதிர்த் தெருவுக்குப் போனதே இல்ல டாக்டர்," என்றாள். "தாள் வரும். வெட்டுவேன். எங்க இருந்து வருதுன்னு ஒருநாளும் போய்ப் பாத்ததில்ல."

"நான் அன்னைக்கே முழுசாச் சொல்லியிருக்கணும்," என்றார் டாக்டரம்மா.

இன்னொரு சோதனைக்கு ரத்தம் போயிற்று. அதன் முடிவு வந்த அன்று மூத்தவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு மனசில் வாங்கிக்கொண்டாள். மாத்திரை அரைகுறையாக இருந்த நாட்களில் கிருமி பெருகியிருக்கிறது. அது தன்னை நகலெடுக்கும்போதெல்லாம் தப்பும் தவறுமாகத்தான் எடுக்கும். அப்படிப் பிறந்த ஏதோ ஒன்றின் கத்தரிக்கு வாய் வேறு விதமாக அமைந்துவிட்டது. மாத்திரை அதில் உட்காராது, வழுக்கிவிடும். மற்றதெல்லாம் அடைபட்டுக் கிடக்க, இது மட்டும் வெட்டி வெட்டிப் பெருகியிருக்கிறது.

"அது மட்டுமில்ல," என்றார் டாக்டரம்மா. "வாய் மாறின கத்தரி முன்ன மாதிரி நல்லா வெட்டாது. அதுக்குத் தோதா அந்தச் சங்கிலியிலயும் வெட்டுற இடம் கொஞ்சம் மாறிடுச்சு."

"கத்திக்காக வெட்டுக்குறியே நகர்ந்து குடுத்துச்சா?" இளையவள் புண்ணான உதட்டோடு சிரித்தாள். "எங்க மேஸ்திரி கேட்டா அந்தக் கிருமிக்கு என் வேலையக் குடுத்துடுவாரு."

வேறு வகை மாத்திரை வந்திருப்பதாகவும், தகட்டைப் பதிக்கிற வேலையையே அது தடுக்கும் என்றும் டாக்டரம்மா சொன்னார். ஆனால் இங்கே கிடைக்காது; எழுதிக் கேட்டிருக்கிறேன், எப்போது வரும் என்று தெரியாது என்றார். மூத்தவள் ஒவ்வொரு முறை போகும்போதும் வந்ததா என்று கேட்டாள். பிறகு டாக்டரம்மா அவளைப் பார்த்ததுமே தலையை ஆட்டத் தொடங்கினார். பிறகு மூத்தவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

பழைய மாத்திரையை இளையவள் இப்போது ஒரு வேளை விடாமல் போட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூத்தவள் நேரம் பார்த்தாள். வயிறு கலங்கியது, ஓடினாள், வந்தாள், மறுபடி போட்டாள். குதிரை ஓடிப்போன பிறகு லாயத்தைப் பூட்டுகிற வேலை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவளை மெஷினில் இருந்து யாரும் இறக்கவில்லை. அவளேதான் இறங்கினாள். ஒருநாள் அடுக்கைத் தூக்கித் தட்டினாள், சரியவிட்டாள். மறுபடி தட்டினாள். தாள்கள் ஒன்றுக்கொன்று முன்பின்னாகவே நின்றன. அப்படியே வைத்து வெட்டியிருந்தால் மேஸ்திரி அன்று ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். அவள் பொத்தான்களில் இருந்து கையை எடுத்து, முன்கச்சையை அவிழ்த்து மடித்து மெஷின் மேல் வைத்துவிட்டு, மூத்தவளின் மேசைப் பக்கம் வந்து, "நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்கா," என்றாள்.

அதற்குப் பிறகு மூத்தவளின் வீட்டில்தான் இருந்தாள். மூத்தவள் வேலைக்குப் போகுமுன் தண்ணீர், கஞ்சி, மாத்திரை, வாளி எல்லாம் கட்டிலில் இருந்து கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். வந்து பார்த்தால் தண்ணீர் மட்டும் குறைந்திருக்கும். பசைக்காரர் ஒருமுறை வந்தார். கையில் பசை காய்ந்து தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. உட்காராமல் கதவோரமே நின்றார்.

"ஸ்கேலு, மெஷின் உன்னக் கேக்குது."

"மெஷினுக்கு ஏது வாய்? உங்களுக்குத்தான் இருக்கு. அதுவும் மூடுறதில்ல."

"இந்த வாய் இருக்கறவரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகும்ணே," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் தெருவில் இறங்கியதும் கைக்குட்டையைத் தேடிப் பையைத் துழாவுவதை மூத்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். மாடியில் ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. வாய் மாறிய கத்தரி, இடம் மாறிய குறி இரண்டும் சேர்ந்து இப்படி அமைந்ததை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை. அவள் ரத்தத்தைக் கொடுத்தால், அந்தக் கிருமி எப்படிச் சங்கிலியைச் சேர்க்கிறது, எப்படி வெட்டுகிறது என்று வளர்த்துப் பார்ப்பார்கள்.

"அதனால இவளுக்கு மருந்து வருமா?" என்றாள் மூத்தவள்.

"வராது. பொய் சொல்லமாட்டேன்."

"வேற யாருக்காவது?"

"தெரியாதும்மா. வரலாம். வராமலும் போகலாம். வந்தாலும் ரொம்ப நாள் ஆகும்."

"அப்ப எதுக்கு? இவ உடம்புல இருக்கறதே ஒரு கை ரத்தம். போதும், வாடி போலாம்."

இளையவள் எழவில்லை. "குடுக்கறேன் டாக்டர்," என்றாள்.

"உனக்குப் பைத்தியமா?"

"நம்பிக்கையில குடுக்கலக்கா. ஒரு நம்பிக்கையும் இல்ல." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நான் போனா இதுவும் என்னோட மண்ணாப் போகும். என்னைய ஜெயிச்சது எதுன்னு யாருமே பாக்காம போகக்கூடாது. அவ்வளவுதான்."

இளையவளால் மாடிக்குப் படியேற முடியாததால் அங்கிருந்து ஒரு எழுத்தர் தாள்களோடு கீழே வந்தார். நல்ல மனுஷர். நின்றபடியே எல்லாவற்றையும் படித்துக் காட்டினார்: விருப்பப்பட்டுக் கொடுக்கிறேன், பலன் எதிர்பார்க்கவில்லை, எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். பிறகு மைப்பெட்டியைத் திறந்தார். இளையவள் பள்ளிக்கூடம் போனதில்லை. சம்பளத்துக்கு, ரேஷனுக்கு, புருஷன் இறப்புச் சான்றுக்கு, எல்லாவற்றுக்கும் கட்டைவிரல்தான்.

விரலை வைத்து எடுத்தாள். தாளில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. ரேகை இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். மறுபடியும் வட்டம்.

"கோடே விழலையேம்மா," என்றார் எழுத்தர்.

"பேப்பர் தின்னுடுச்சு சார். பைண்டிங்ல எல்லாருக்கும் இப்படித்தான். சம்பளத்துக்கு மட்டும் கோடு கேக்காம வாங்கிப்பாங்க."

"கோடு இல்லேன்னா மேல ஒத்துக்கமாட்டாங்க. கையெழுத்துப் போட வருமா?"

வராது என்று மூத்தவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இளையவள், "எழுதிக் காட்டுக்கா," என்றாள்.

மூத்தவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான், ஆனால் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். எழுத்தர் கொடுத்த வெற்றுத்தாளில் தங்கையின் பெயரைப் பெரிதாக, இடம் விட்டு எழுதினாள். இளையவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பேனாவை எப்படிப் பிடிப்பது என்று எழுத்தர் காட்டினார். ஒப்புதல் தாளில் முதல் எழுத்தைத் தொடங்கினாள். ஒரு சுழிக்கு ஒரு மூச்சு. நடுவில் நிறுத்தி, "இன்னும் இருக்கா? இவ்வளவு நீளப் பேரா எனக்கு? அம்மா கொஞ்சம் சிக்கனமா வெச்சிருக்கலாம்," என்றாள். எழுத்தர் சிரித்தார். வரிசையில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தியும் சிரித்தாள். மூத்தவள் தங்கையின் முழங்கையைக் கீழே இருந்து தாங்கிப் பிடித்திருந்தாள். எலும்புதான் கைக்கு வந்தது.

எழுதி முடித்ததும் இளையவள் பேனாவை மூடி எழுத்தரிடம் கொடுத்தாள். பிறகு கையை நீட்டினாள். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மூன்று இடத்தில் குத்தினார். சின்னக் குழாய்களில் ரத்தம் எடுத்தார்கள். குழாய்களில் பெயர் எழுதவில்லை, ஒரு எண்தான் ஒட்டினார்கள். அப்படித்தான் வழக்கமாம்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். புது மாத்திரை அதுவரை வரவில்லை. மாடியில் என்ன பார்த்தார்கள் என்று கேட்க மூத்தவள் இரண்டு முறை போனாள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். மூன்றாம் முறை போனபோது அந்த எழுத்தர் மாறிப் போயிருந்தார், இருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டதற்காக அலமாரியைத் திறந்து தேடி, இளையவள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார். எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்காமல் தனித்தனியாக நின்றன. ஒரு எழுத்துகூட விடுபடவில்லை. பக்கத்தில் எழுத்தரின் கையால் தேதி போட்டிருந்தது: 2011 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை.